மேற்குப் பார்த்த ஐந்தரை சென்ட்டில் ஒரே தள வீடு: பிளானைப் பார்த்துச் சொல்லுங்கள்

புங்கமரம்:

வணக்கம். உடுமலைப்பேட்டைக்கு வெளியே, பழனி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஐந்தரை சென்ட் மனை இருக்கிறது. ரோட்டுப் பக்கம் 40 அடி, உள்ளே 60 அடி. மேற்குப் பார்த்தது. தை பிறந்ததும் பூஜை போடலாம் என்று இருக்கிறோம். அதற்குள் பிளான் முடிவாக வேண்டும்.

வீட்டில் ஆறு பேர். நான், மனைவி, பத்தாவதும் ஏழாவதும் படிக்கும் இரண்டு பெண்கள், அப்பா, அம்மா. அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். ஒன்றுக்கு அறுவை சிகிச்சை ஆகிவிட்டது, இன்னொன்றுக்கு வேண்டவே வேண்டாம் என்கிறார். வாக்கர் இல்லாமல் நடப்பதில்லை. அப்பாவுக்கு 76 வயது, ராத்திரியில் மூன்று தடவையாவது பாத்ரூமுக்கு எழுந்திருப்பார். இப்போது குடியிருப்பது மாடியில், வாடகைக்கு. அம்மா கீழே இறங்குவது ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும்தான். அதனால்தான் புது வீட்டில் எல்லாம் தரையோடு இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

படம் ஏற்ற முடியவில்லை, வார்த்தையிலேயே சொல்கிறேன். முன்னால் 8 அடி, மற்ற மூன்று பக்கமும் 4 அடி விட்டு, 32க்கு 48 கட்டடம். வடமேற்கு மூலையில் போர்டிகோ, 11க்கு 16. தென்மேற்கில், அதாவது கன்னி மூலையில், எங்கள் படுக்கையறை 13க்கு 12, அதோடு அட்டாச்டு பாத்ரூம். இரண்டுக்கும் நடுவில் 5 அடி அகலத்தில், 16 அடி நீளத்தில் ஒரு சிட் அவுட், அதன் கோடியில் தலைவாசல். உள்ளே நுழைந்தால் ஹால் 20க்கு 14, அதில் ஒரு மூலையில் மாடிப்படி. போர்டிகோவுக்குப் பின்னால் வடக்குச் சுவரை ஒட்டி அப்பா அம்மா அறை 11க்கு 12, அப்புறம் காமன் பாத்ரூம் 5க்கு 7, கடைசியில் பெண்களின் அறை. தென்கிழக்கில், அதாவது அக்னி மூலையில், சமையலறை 10க்கு 9. வடகிழக்கில், ஈசானி மூலைக்கு வெளியே போர்வெல்.

போர்டிகோவைக் கழித்தால் வீடு 1,360 சதுர அடி. சதுர அடிக்கு 2,400 ரூபாய் சொல்கிறார் மேஸ்திரி, 32 லட்சத்து 64 ஆயிரம் ஆகிறது. போர்டிகோ, காம்பவுண்ட், செப்டிக் டேங்க், சம்ப் (தரைக்கடித் தண்ணித் தொட்டி) எல்லாம் தனியாம். ஆக, ஒரு அடி கூட்டவும் வழியில்லை. இருக்கிற இடத்துக்குள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கு உறுத்துவது இதெல்லாம். பேஸ்மென்ட், அதாவது ரோட்டிலிருந்து வீட்டுத் தளத்தின் உயரம், 3 அடி போட்டே ஆக வேண்டும், ரோடு வருஷா வருஷம் உயரும் என்கிறார் மேஸ்திரி. அப்படிப் போட்டால் வாசலில் ஆறு படி. மாடியை விட்டு இறங்கி வந்தும் அம்மாவுக்கு ஆறு படியா? காமன் பாத்ரூமுக்கு வழி ஹாலில் இருந்து, கதவு இரண்டரை அடி. அது போதுமா? என் மனைவிக்கு ஹால் பெரியது, சமையலறை சின்னது. அப்பாவுக்குத் திண்ணை வேண்டும். மனையின் தென்மேற்கு மூலையில் ஒரு புங்கமரம் நிற்கிறது, அதை வெட்டச் சொல்கிறார்கள், எனக்கு மனசில்லை. வாஸ்துவில் அப்பா கன்னி மூலையையும் அக்னி மூலையையும் விடமாட்டார். மற்றதில் பேசிப் பார்க்கலாம்.

ரசமட்டம்:

பேஸ்மென்ட் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வீல்சேருக்கும் வாக்கருக்கும் சரிவு போடுவதென்றால் 1க்கு 12. ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். 3 அடி என்பது 36 அங்குலம், அதற்கு 36 அடி நீளச் சரிவு வேண்டும். உங்கள் வாசலில் இருப்பது 8 அடி. அதில் 3 அடி உயரத்துக்குச் சரிவு போட்டால் அம்மா ஏற முடியாது, சறுக்கிக்கொண்டு வேண்டுமானால் வரலாம். ஊரில் பாதி வீடுகளில் இப்படித்தான் பெயருக்கு ஒரு சரிவு போட்டு, மேலே பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள்.

உயரத்தை இரண்டாகப் பிரியுங்கள். வீட்டுத் தளம் ரோட்டிலிருந்து 27 அங்குலம் இருந்தால் போதும் என்பது என் கருத்து. அதே தெருவில் பழைய வீடு ஏதாவது இருந்தால், ரோடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அதன் வாசல்படியே சொல்லிவிடும், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். போர்டிகோ தளத்தை ரோட்டிலிருந்து 15 அங்குலத்தில் வையுங்கள். முன்னால் உள்ள 8 அடியில் 15 அங்குலம் ஏறுவது காருக்கும் ஆட்டோவுக்கும் ஒரு பொருட்டில்லை. அம்மா ரோட்டிலிருந்து நடந்து வரப்போவதில்லை, வண்டி போர்டிகோ வரை வரும், அங்கே இறங்குவார். அங்கிருந்து வீட்டுத் தளத்துக்கு மீதி 12 அங்குலம். அதற்கு 12 அடிச் சரிவு. உங்கள் சிட் அவுட் 16 அடி நீளம் என்றீர்களே? 12 அடி சரிவு, தலைவாசலுக்கு முன்னால் 4 அடி சமதளம், கணக்கு சரியாக வந்துவிடுகிறது. அந்தச் சமதளத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். சரிவில் நின்றபடி வாக்கரையும் பிடித்துக்கொண்டு கதவைத் திறக்க யாராலும் முடியாது.

இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். தரைக்கு வழவழப்பான டைல் வேண்டாம், சொரசொரப்பான கல் போடுங்கள். இன்னொன்று, முட்டி வலி உள்ளவர்களில் சிலருக்குச் சரிவில் இறங்குவதுதான் கஷ்டம், தாழ்வான படியே மேல் என்பார்கள். நல்ல சரிவுப் பாதை உள்ள ஆஸ்பத்திரி ஒன்றில் அம்மாவை நடக்கவிட்டுப் பாருங்கள். அவருக்குப் படிதான் ஒத்துவருகிறது என்றால், அதே இடத்தில் 4 அங்குல உயரத்தில் மூன்று படி, ஒவ்வொன்றும் ஒன்றேகால் அடி மிதி.

அடுத்து பாத்ரூம். அட்டாச்டு முதலில் யாருக்கு வேண்டும்? ராத்திரி எழுந்திருப்பவருக்கு. உங்கள் பிளானில் அது உங்களுக்குப் போயிருக்கிறது. காமன் பாத்ரூம் அப்பா அம்மா அறையை ஒட்டித்தானே வருகிறது? அதன் வாசலை அவர்கள் அறைக்குள் திருப்பிவிடுங்கள். உங்களுடையதை ஹால் பக்கம் திறந்தால் அது காமன் ஆகிவிடும். செங்கல் செலவுகூட மாறாது.

இரண்டரை அடிக் கதவு போதாது. நிலையும் கதவுக் கனமும் போக உள்ளே இரண்டடி சொச்சம்தான் நிற்கும். வாக்கர் இடித்துக்கொண்டு போகும், வீல்சேர் போகவே போகாது. மூன்றடி நிலை வையுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்து கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை உடைத்துத்தான் தூக்க வேண்டியிருக்கும். தரையை இரண்டு அங்குலம் பள்ளமாக விடும் வழக்கமும் வேண்டாம். வாசலில் அரை அங்குலச் சரிவு, மீதி வாட்டம் மூலையை நோக்கிப் போகட்டும். டாய்லெட் சிட்டிங் 18 அங்குல உயரத்தில் இருந்தால் எழுந்திருக்க முட்டியை அதிகம் மடக்க வேண்டாம். கைப்பிடிக் கம்பி வரும் சுவரை நாலரை அங்குலச் சுவராக வைக்காமல் 9 அங்குலமாகவே கட்டச் சொல்லுங்கள்.

கொல்லைப்புறம்:

ரசமட்டம் ஐயா சொன்ன பிறகு பாத்ரூம் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் பொள்ளாச்சிப் பக்கம் மேற்குப் பார்த்த வீட்டில் குடும்பம் நடத்துகிறவள், சமையலறையைப் பற்றிச் சொல்கிறேன்.

அண்ணா, 20 அடி ஹாலில் சோபா போடுவீர்கள், டிவி மாட்டுவீர்கள். மீதி இடத்தைத் தினமும் பெருக்கித் துடைக்க வேண்டும். சீர், விசேஷம் என்றால் இந்தக் காலத்தில் யார் வீட்டில் வைக்கிறார்கள்? மண்டபம்தான். ஆறு பேர் சாப்பிடும் வீட்டுக்கு 10க்கு 9 சமையலறையா? இரண்டு பக்கமும் இரண்டடி மேடை போட்டால் நடுவில் நிற்க ஐந்தடி. பரவாயில்லை என்று தோன்றும். அந்த ஐந்தடிக்குள்தான் பிரிட்ஜ் கதவு திறக்கும். அரிசிச் சிப்பம், இரண்டு சிலிண்டர், கிரைண்டர், மிக்சி, நல்ல தண்ணிக் குடம் எல்லாம் எங்கே போகும்? அண்ணியை இப்போது இருக்கும் சமையலறையில் தரையில் வைத்திருக்கும் சாமான்களை மட்டும் எழுதச் சொல்லுங்கள். இன்ஜினியர் பிளானில் அது எதுவும் இருக்காது. அடுப்பும் சிங்க்கும் வரைந்தால் சமையலறை ஆகிவிட்டது அவர்களுக்கு.

அக்னி மூலை உங்களுக்கு நல்லதாகவே அமைந்திருக்கிறது. வாஸ்துவுக்காகச் சொல்லவில்லை, காற்றுக்காகச் சொல்கிறேன். நம் பக்கம் ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். உடுமலையைச் சுற்றி அத்தனை காற்றாலை சும்மாவா நிற்கிறது? அந்தக் காற்று முன்வாசலில் நுழைந்து பின்னால் போகும். சமையலறை கிழக்கே இருந்தால் தாளிப்பு வாசனையும் புகையும் வெளியே போய்விடும். மேற்கே வைத்தவர்கள் வீட்டில் படுக்கையறை போர்வைகூட மிளகாய் நெடி அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் நிலைமை மாறும். அப்போது மழையும் காற்றும் வடகிழக்கில் இருந்து வரும். அதனால் சமையலறையின் கிழக்கு ஜன்னலுக்கு 2 அடி சன்ஷேட் கேளுங்கள், ஒன்றரை அடியில் ஏமாற்றுவார்கள்.

பின்னால் 4 அடிதான் விட்டிருக்கிறீர்கள். வாஷிங் மெஷின் எங்கே, பாத்திரம் கழுவுவது எங்கே? சமையலறையிலிருந்து பின்பக்கம் ஒரு கதவும், வெளியே மேலே ஷீட் போட்ட கழுவும் இடமும் இல்லாவிட்டால் எல்லாம் ஹாலுக்கு வந்துவிடும். நல்ல தண்ணி, போர் தண்ணி இரண்டுக்கும் தனித்தனி பைப் இழுக்கிறார்களா என்றும் பாருங்கள். போர் தண்ணி உப்பாக இருந்தால் சிங்க்கில் இரண்டு குழாய் வேண்டும். கட்டி முடித்த பிறகு டைலை உடைத்து இழுக்கிற வேலை அது.

உங்கள் படுக்கையறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேற்கு வெயில் சாயங்காலம் தாழ்வாக வரும். சன்ஷேட் எத்தனை அடி போட்டாலும் அதற்குக் கீழே புகுந்து சுவரில் அடிக்கும். ராத்திரி பத்து மணிக்குச் சுவரைத் தொட்டால் கொதிக்கும். மேற்குச் சுவர் முழுக்கப் பீரோ, அலமாரி வைத்துவிடுங்கள், பெரிய ஜன்னல் தெற்கே இருக்கட்டும். அந்தப் புங்கமரம் நிற்பது சரியாக அந்தச் சுவருக்கு முன்னால்தானே? அதை வெட்டச் சொன்னவர் அந்த அறையில் படுக்கப்போவதில்லை.

தாராபுரத்தான்:

நான் கட்டிக் கொடுக்கிற ஆள். உங்கள் மேஸ்திரி பக்கமும் கொஞ்சம் பேசிவிடுகிறேன். ரோடு உயரும் என்று அவர் சொல்வது பொய்யில்லை. மழைத் தண்ணி வீட்டுக்குள் வந்தால் நாளைக்கு அவரைத்தான் திட்டுவார்கள். ஆனாலும் மேலே ரசமட்டம் போட்ட கணக்கு நல்ல கணக்கு. கேட்டுக்கு உள்ளே குறுக்காக ஒரு வாய்க்காலும் அதன் மேல் கம்பி ஜாலியும் போட்டுவிட்டால் 27 அங்குலத்துக்கு நானே ஒத்துக்கொள்வேன்.

என் கேள்வி வேறு. மேலே எப்போதாவது கட்டுவீர்களா, மாட்டீர்களா? இதற்கு நேராகப் பதில் சொல்லாமல் ஆரம்பிக்கிறவர்கள்தான் அதிகம். "பின்னாடி பார்த்துக்கலாம்" என்றால் அஸ்திவாரமும் தூணும் மாடிக்குச் சேர்த்துப் போட வேண்டும், அது இன்றே செலவு. ஹாலில் மாடிப்படி என்பதும் அதே கதை. இரண்டு மடிப்பாக வரும் படிக்கு ஆறரைக்குப் பத்து, 65 சதுர அடி போகும். உங்கள் ரேட்டில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். டேங்க் கழுவவும் வடகம் காயப்போடவும் ஒன்றரை லட்சமா?

கட்டமாட்டோம் என்றால் அந்தப் படியை எடுத்துவிடுங்கள். போர்டிகோவின் வடக்கு ஓரமாக இரண்டரை அடி அகலத்தில் இரும்புப் படி நேராக ஏற்றலாம். இருபது படி, 9 அங்குல மிதி, பதினான்கேகால் அடி நீளம் வரும். உங்களிடம் 16 இருக்கிறது. போர்டிகோவின் கூரைத் தளத்தில் அந்த இடத்தை மட்டும் திறப்பாக விட வேண்டும். காருக்கு எட்டரை அடி மிஞ்சும், அம்மா இறங்குவது சரிவுப் பக்கம், அங்கே இடைஞ்சல் இல்லை. மிச்சமான 65 அடியைச் சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் பிரித்துக்கொள்ளுங்கள்.

மண் என்ன மண்? அந்தப் பக்கம் செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. ஜேசிபி வைத்து ஒரு குழி தோண்டிப் பார்த்துவிட்டு அஸ்திவாரம் பேசுங்கள். கரிசல் மழையில் உப்பும், வெயிலில் பிளக்கும். அதில் சாதாரண கல் கட்டு அஸ்திவாரம் போட்டால் சுவர் கோடு கோடாக வெடிக்கும். அப்படி வந்தால் பிளின்த் பீம் (சுவர்களுக்கு அடியில் சுற்றி ஓடும் கான்கிரீட் பீம்) கட்டாயம், எத்தனை ஆழம் என்பதை இன்ஜினியர் சொல்லட்டும். ஒற்றைத் தள வீடுதானே என்று அலட்சியமாக விடுவது இதில்தான். எடை குறைந்த கட்டடத்தைத்தான் கரிசல் சுலபமாகத் தூக்கும்.

போர் ஈசானியில் என்றால் செப்டிக் டேங்க்கை முன்பக்கம் வடமேற்கில், வாயு மூலையில் போடுங்கள், நடுவில் 50 அடி கிடைக்கும். பக்கத்து மனைக்காரர் போர் எங்கே என்றும் எட்டிப் பாருங்கள். நம் டேங்க்கை நம் போரிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, அவர் போருக்குப் பக்கத்தில் கொண்டு போய் வைக்கிற வீடு நிறைய.

மரத்துக்கு என்ன, அந்த இடத்தில் மட்டும் காம்பவுண்டைச் செங்கலில் கட்டாமல் இரண்டு பக்கம் தூண் நிறுத்திக் கிரில் போட்டால் வேர் அதன் பாட்டுக்குப் போகும். வாஸ்துக்காரர்களும் தென்மேற்கில் உயரமான மரம் நல்லது என்றுதான் சொல்வார்கள். அதைச் சொல்லி அப்பாவைச் சமாதானப்படுத்துங்கள்.

புங்கமரம்:

எல்லோருக்கும் நன்றி. இத்தனை விவரம் வரும் என்று நினைக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து பேசினோம்.

மாடி கட்டப்போவதில்லை. பெண்கள் இரண்டு பேரும் படித்து எந்த ஊருக்குப் போவார்களோ, அவர்களுக்காக இன்றைக்கே தூண் ஏற்றி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஹால் படி போய்விட்டது. ஹாலை 15க்கு 14 ஆக்கினோம். அதில் மிஞ்சியதில் சமையலறை 12க்கு 10 ஆகிறது, பக்கத்தில் 4 அடியில் ஒரு ஸ்டோர். மனைவி அந்தச் சாமான் பட்டியலை எழுதினாள், ஒரு பக்கம் போதவில்லை. பாத்ரூம் வாசல்கள் இரண்டையும் மாற்றச் சொல்லிவிட்டேன். இன்ஜினியர் "மாஸ்டர் பெட்ரூமுக்கு அட்டாச்டு இல்லாமலா சார்?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அம்மாவை ஆஸ்பத்திரிச் சரிவில் நடக்கவிட்டோம். ஏறும்போது ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வாக்கரை என்னிடம் கொடுத்துவிட்டார். சரிவே இருக்கட்டும் என்கிறார்.

அப்பாவின் திண்ணைதான் பாக்கி. சிட் அவுட் முழுக்கச் சரிவாகிவிட்டால் எங்கே உட்காருவது என்று கேட்கிறார். போர்டிகோவில் நாற்காலி போடலாம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இதற்கு ஏதாவது வழி உண்டா? இன்னொரு சந்தேகம்: அப்பா அம்மா அறைக்கு மேற்கில் ஜன்னல் வைத்தால் அது போர்டிகோவுக்குள் திறக்கிறது. வைக்கலாமா?

ரசமட்டம்:

ஜன்னல் வைக்கலாம், ஆனால் சின்னதாக, உயரத்தில் வையுங்கள். கார் புகை வரும். அந்த அறைக்குப் பெரிய ஜன்னல் வடக்கில் இருக்கட்டும். அங்கும் சன்ஷேட் வேண்டும். உடுமலை இருப்பது பத்தரை டிகிரி வடக்கில். சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி வரை நடுப்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். வடக்கில் வெயிலே வராது என்று எழுதுகிறவர்கள் நம் ஊர் அட்சரேகையைப் பார்ப்பதில்லை. மற்றபடி வீட்டிலேயே குளிர்ச்சியான அறை அதுதான், மேற்கு வெயிலைப் போர்டிகோ வாங்கிக்கொள்கிறது. பெரியவர்களுக்கு அதைக் கொடுத்தது நல்ல காரியம்.

திண்ணைக்கு இடம் இருக்கிறது. உங்கள் படுக்கையறையின் மேற்குச் சுவருக்கு வெளியே, மரத்தடியில், ஒன்றரை அடி அகலம், ஏழடி நீளம். வீட்டோடு சேர்க்காமல் தனியாகச் செங்கல் வைத்துக் கட்டி மேலே கடப்பாக்கல் பதித்தால் போதும். மேலே கூரை வேண்டாம். முன்னால் விட வேண்டிய இடத்தில் கூரை போட்ட கட்டடம் வந்தால் பிளானில் சிக்கல். வெறும் உட்காரும் மேடை என்றாலும் இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உயரம் 18 அங்குலம். அதற்குக் குறைந்தால் அவருக்கும் எழுந்திருப்பது கஷ்டம்.

அனுமதிக்கு இன்னும் போடவில்லை என்றால் இந்த மாற்றமெல்லாம் முடிந்த பிறகே போடுங்கள். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500க்குள் கட்டடம் என்றால் 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே கிடைத்துவிடும், உங்கள் மனை 2,400தான். ஆனால் ஏற்றுகிற வரைபடமும் கட்டுகிற வீடும் ஒன்றாக இருக்க வேண்டும், அதற்கு நீங்கள்தான் கையெழுத்துப் போடுகிறீர்கள். மழைநீர் சேகரிப்புக் குழியையும் அதிலேயே காட்டச் சொல்லுங்கள், பூமிக்குள் விடும் இடம் செப்டிக் டேங்க் பக்கம் வேண்டாம்.

பூஜைக்கு முன்னால் ஒரு நாள் மனையில் சுண்ணாம்புத் தூள் போட்டு எல்லா அறையையும் முழு அளவில் கோடு இழுங்கள். அப்பா அம்மா அறையில் இரண்டு கட்டிலின் அளவையும் கோடாகப் போட்டு, நடுவில் வாக்கரைத் திருப்பிப் பாருங்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் கதவு வரை 3 அடி வழி தடையில்லாமல் கிடைக்காவிட்டால், அலமாரியை வேறு சுவருக்கு மாற்றிவிட்டு இன்ஜினியருக்குச் சொல்லுங்கள்.